முகம் இல்லாத பொடியன்

"பெத்த மகன்ட முகத்த ஊசியால சுரண்டி எடுத்தவள் தாயா, பேயா? நீயே சொல்லு!"

கடையில முனாப் தனியத்தான் இருந்தான். கேட்டது கொம்பியூட்டரிட்ட.

பதில் வரல்ல. வந்திருந்தா ஸ்டூடியோவப் பூட்டாமலே ஓடியிருப்பான்.

காத்தான்குடியில பழைய படம் திருத்துறதெண்டா முனாப்தான். செத்தவருக்குக் கோட்டுப் போட்டு விடுவான். கோவிச்சுக்கொண்டு கலியாணத்துக்கு வராத மாமாவ மாப்பிள்ளைக்குப் பக்கத்தில நிப்பாட்டுவான். இந்த வேலைதான் தொண்டையில முள்ளாக் குத்தி நிண்டிச்சு.

லண்டனுக்கு அங்கால ஏதோ ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். நூறு வருசத்துக்கு முந்தி ஒரு கமராக்காரன் அந்த ஏழைச் சனத்த வீடு வீடாப் படம் எடுத்து, அதுகளுக்கும் ஆளுக்கொரு பிரதி குடுத்திருக்கான். கரி அப்பின சுவர். செருப்பில்லாத புள்ளையள். அதில ஒரே குடும்பத்துப் படம் பதினொண்டு. பதினொண்டிலயும் மூத்த பொடியனுக்கு முகம் இல்ல. கழுத்துக்கு மேல வெள்ளையா ஒரு ஓட்டை.

கண்காட்சி வைக்கிற ஹெலன் எண்ட வெள்ளக்காரி எழுதியிருந்தாள். சுரண்டினது தாய்தானாம். அவனுக்கொரு முகம் செஞ்சு, கீழ 'மகனை வெறுத்த தாய்' எண்டு போடட்டாம். பின்னேரம் அச்சுக்குப் போகுதாம்.

முனாப் கொம்பியூட்டரக் கொண்டு முகம் செஞ்சான்.

முதல் முகம் சிரிச்சிச்சு. பசியில நிக்கிறவன் என்னத்துக்குச் சிரிக்கான்? அழிச்சான்.

ரெண்டாவது முகம் அவனையே பார்த்திச்சு. கதிரைய இஞ்சால இழுத்தான். கண்ணும் இஞ்சால வந்திச்சு.

மூணாவது, அவன்ட மகன் பஹ்மிட முகம்.

"அல்லாஹ்வே!" எண்டு மவுஸக் கைவிட்டான்.

நல்ல நடுப்பகல். றோட்டில தார் உருகுது. முனாப்புக்குக் கை ரெண்டும் குளிருது.

அப்ப, பிடரிக்குப் பின்னால ஆரோ மூச்சு விட்டாங்க.

"ஆ!"

"பயப்படாதீங்க தம்பி. மண்டூரில இருந்து வாறம். மகனுக்கு ஐடென்டி கார்ட்டுக்குப் படம் எடுக்கணும்."

அன்னப்பூரணி எண்டு பேர். எழுபது தாண்டின மனுசி. பின்னால மகன் கனகசிங்கம். அம்பது வயசிருக்கும், மீசை மட்டும் ஒரு கிலோ.

"ஒரு சத்தம் குடுத்திட்டு வரப்படாதா அக்கா? இன்னும் கொஞ்சத்தில உசிரு போய், என்ட மையத்து அடக்கத்துக்கு வந்திருப்பீங்க!"

கனகசிங்கத்த உள் அறையில லைட்டுக்கு முன்னால குந்த வச்சான். மறுகா வெளிய வந்து பார்த்தா, அன்னப்பூரணி கொம்பியூட்டருக்கு முன்னால அசையாம நிக்கிறாள். கண்ணு, பக்கத்தில திறந்து கிடந்த மூலப் படத்து வெள்ளை ஓட்டையில.

"பார்த்தீங்களா அக்கா? பெத்த தாய் செஞ்ச வேலை. வயித்துக்குச் சோறில்ல, மனசில மட்டும் விசம் நிறைய இரிக்கி."

"மத்தப் புள்ளையள்ட முகத்தில கீறல் கிடக்கா?"

"இல்ல."

"இவன்ட சட்டையில?"

முனாப் படத்தப் பெருப்பிச்சான். சட்டையில ஒரு நூல் கீறுப்படல்ல. அவன்ட தோளில கிடந்த தாய்ட விரல் அஞ்சும் அப்படியே இருந்திச்சு. முகத்த மட்டும், ஓரம் ஓரமாப் பார்த்து எடுத்திருக்கிறாள். பதினொரு படத்திலயும் அப்படித்தான்.

"கோவத்தில சுரண்டினவள் இவ்வளவு பக்குவமாவா சுரண்டுவாள்?" எண்டாள் அன்னப்பூரணி. "அந்த வெள்ளக்காரிட்டக் கேளுங்க தம்பி. இந்தப் பொடியன ஆரும் தேடித் திரிஞ்சாங்களா எண்டு."

"நூறு வருசத்துக்கு முந்திச் செத்தவன இப்ப ஆர் அக்கா தேடுற?"

"கேட்டுத்தான் பாருங்களன்."

எழுதி அனுப்பினான். பதில் வாற வரைக்கும் காத்தாடி மட்டும் கிரீச் கிரீச்செண்டு சுத்திச்சு.

உள்ள இருந்து கனகசிங்கம் கத்தினான். "தம்பி, கொஞ்சம் சிரிக்கட்டா? மூஞ்சியப் பிடிச்சு வச்சிருந்து கன்னம் நோகுது!"

"ஐடென்டியில சிரிச்சா அது நீங்க இல்லெண்டு சொல்லிருவாங்க அண்ணன். பொறுங்க!"

டிங்கெண்டு பதில் வந்திச்சு.

ஓமாம். அந்த வருசம் சுரங்கத்தில பெரிய வேலைநிறுத்தமாம். முன்னுக்கு நிண்ட பொடியன்மாரத் தேடி வந்த பொலிசுக்காரங்க, வீட்டில மாட்டியிருந்த படங்களப் பறிச்சு, முகத்த ஒப்பிட்டுப் பார்த்து ஒம்பது பேரப் பிடிச்சுக்கொண்டு போனாங்களாம். ஒருத்தனும் திரும்பி வரல்லயாம். இந்தப் பொடியன் மட்டும் கடைசி வரைக்கும் அம்பிடல்லயாம்.

'அதுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?' எண்டு கேட்டிருந்தாள் ஹெலன்.

முனாப் 'மகனை வெறுத்த தாய்' எண்டு அடிச்சு வச்சிருந்தத முதல்ல அழிச்சான். செஞ்சு வச்சதில மிச்சம் இருந்த முகம் ரெண்டையும் அழிச்சான்.

"அக்கா, இது எங்கயோ கிடக்கிற வெள்ளக்காரன்ட ஊர்க் கதை. மண்டூரில இருக்கிற உங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

அன்னப்பூரணி உள் அறைப் பக்கம் திரும்பினாள். கனகசிங்கம் கண்ணாடியப் பார்த்து மீசை சீவிக்கொண்டிருந்தான்.

"ஆமி ஊரச் சுத்தி வளைச்சுப் பொடியன்மாரப் பிடிச்சுக்கொண்டு போன சுத்திவளைப்புக் காலத்தில இவனுக்குப் பதினேழு வயசு," எண்டாள். "எங்கட வீட்டு அல்பத்துப் படம் ஒண்டிலயும் இவனுக்கு முகம் இல்ல தம்பி. அதாலதான் இப்ப உங்கட கதிரையில குந்தியிருக்கான்."