பன்னிரண்டாவது பொறி

இரண்டு அகராதிகளையும் முதலாளி மேசைமேல் போட்ட போட்டில் அவளுடைய டீ டம்ளர் ஒரு துள்ளு துள்ளி உட்கார்ந்தது.

"மாட்டினாம்மா திருடன்!"

ஒன்று அவர்கள் பதிப்பகத்தின் பள்ளிக்கூட அகராதி. ஆங்கிலச் சொல்லை அசை அசையாகக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதுவது அவள் வேலை. பதினோரு வருடமாக வெட்டுகிறாள். மற்றது எதிர்த்தெருக் கம்பெனி போன வாரம் இறக்கிய புதுச் சரக்கு.

இரண்டிலும் ஒரே சொல்லின்மேல் விரலை வைத்தார் முதலாளி. அம்-ப்ரெல்-லா.

அவள் எழுதியிருந்தது: "மழைக்கும் வெயிலுக்கும் தலைக்கு மேல் விரித்துப் பிடிப்பது. ஒரு குடையில் இருவர் போனால் ஒருவருக்கு இடது தோள் நனையும்."

எதிர்த்தெருவில் எழுதியிருந்தது: "விரித்தால் சின்னக் கூரை, மடக்கினால் கைத்தடி. இருவர் சேர்ந்து போனால் ஒருவருக்கு வலது தோள் நனையும்."

குடைக்குப் பொருள் சொல்ல வந்த இடத்தில் தோளுக்கு என்ன வேலை? அது பொறி. காப்பியடிப்பவனைப் பிடிக்க, வேறு யாருக்கும் தோன்றாத வரியாகப் பன்னிரண்டு சாதாரணச் சொற்களில் ஒளித்து வைக்கச் சொன்னவரே முதலாளிதான். பொருள் பத்து வார்த்தையைத் தாண்டினால் "காகிதம் என்ன மரத்துலயா காய்க்குது?" என்று கேட்கிற மனிதர், அந்தப் பன்னிரண்டு வரிக்கு மட்டும் பேரம் பேசவில்லை.

"இடதை வலதாக்கிட்டா நமக்குத் தெரியாதாம். திருடின மாட்டுக்குக் கொம்பைச் சீவுற வேலை! கோடு போட்டதைப் பாரு, அதே இடத்துல வெட்டியிருக்கான்."

"அதை யார் வெட்டினாலும் மூணு துண்டுதாங்க. ஆட்டை எந்தக் கடையில அறுத்தாலும் நாலு காலுதானே."

அவர் சிரிக்கவில்லை. வக்கீல் தயார் செய்த தாளை நீட்டினார். 'இது என் வரி, திருடப்பட்டது' என்று அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். எதிர்த்தெரு மொத்தப் புத்தகத்தையும் காகிதக் கூழுக்குப் போட வேண்டியதுதான். எழுதியவனுக்கு இனி எந்தத் தெருவிலும் வேலை கிடைக்காது. அவளுக்கு, பதினோரு வருடமாகக் கேட்டும் கிடைக்காத ஒன்று கிடைக்கும்: அகராதியில் அவள் பெயர். அதுவும் அட்டையிலேயே.

பேனாவைத் திறந்தாள். கை தாளுக்குப் போகாமல் எதிராளி புத்தகத்துக்குப் போயிற்று.

ஏணியைப் புரட்டினாள். பட்டனை, கரண்டியை, பூட்டை. மற்றப் பதினொரு பொறியையும் வரிசையாக எதிராளி புத்தகத்தில் தேடினாள். ஒன்றிலும் எலி விழவில்லை.

பன்னிரண்டு அறை உள்ள வீட்டில் நுழைந்து, பதினொன்றை எட்டிக்கூடப் பார்க்காமல், ஒரு குடையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்?

முதல் பக்கத்தைத் திருப்பினாள். தொகுத்தவர் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது.

ஏழு வருடம் அவள் வீட்டுத் தபால்பெட்டியில், அவள் பெயருக்கு மேலே இருந்த பெயர். அவள்தான் கத்தியால் சுரண்டி எடுத்தாள்.

அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த மனிதர் அகராதி போடுகிறார் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. அந்தப் பெயரைச் சுரண்டிய பிறகுதான் அவள் இந்த வேலைக்கு வந்தாள்; இங்கே எழுதுகிறாள் என்பது அவருக்கும் தெரிய வழியில்லை. எந்தப் பதிப்பில் அவள் பெயர் வந்தது, தெரிவதற்கு?

படித்து எழுதவில்லை. நனைந்து எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டில் ஒரே ஒரு குடைதான் இருந்தது. பிரிகிறபோது கோர்ட்டில்கூடச் சொன்னாள், "எப்பவும் நனைஞ்சது நான்தான்" என்று. அவர் மறுத்துப் பேசவில்லை. பதில் இல்லை, அதனால்தான் பேசவில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"என்னம்மா யோசனை? அட்டையில பேரு வேணாமா?"

பேனாவை மூடினாள்.

"இது நம்ம சரக்கு இல்லைங்க."

"பின்ன யாரோடது?"

"வலப்பக்கம் நடந்தவரோடது."