நீலச் சீருடை

மகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்த நாளிலிருந்து ஆனந்திக்கு எல்லோரோடும் சண்டைதான். "என்ன கத்துக்கணும்னு பிள்ளைக்கே தெரியும்" என்று கணவனிடம் சொன்னாள், விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொன்னாள், மாடி வீட்டுக்காரியிடம் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னாள். ஒன்பது வயது மகிழினி தரையில் குப்புறப் படுத்தபடி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்று கணவனின் அக்கா சுகந்தா வந்தாள். தெருமுனைப் பள்ளியின் நீலச் சீருடையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"எடுத்துட்டுப் போங்க அண்ணி."

"எங்க வீட்டுப் பிள்ளைய தற்குறியாக்கிட்டு இருக்கே நீ."

"அவ போறேன்னு சொன்னா அன்னிக்கே அனுப்புறேன். அவகிட்டயே கேளுங்க."

ஆனந்தியின் குரலில் அப்போதே வெற்றி தெரிந்தது. சுகந்தா கேட்கவில்லை. மகிழினியே எழுந்து வந்து, சட்டையை எடுத்துத் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

"போறேம்மா."

ஆனந்தி வெடுக்கெனத் திரும்பினாள். "யாருடி சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லல."

"அங்க போய் என்ன கத்துக்கப் போறே?"

மகிழினி யோசித்தாள். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"தெரியல. ஆனா அங்க நீ இருக்க மாட்டே."

ஆனந்தி எட்டிச் சட்டையின் ஒரு கையைப் பிடித்தாள். மகிழினி விடவில்லை. இருவருக்கும் நடுவே துணி விறைத்து நின்றது. தோள் தையல் ஒவ்வொன்றாகப் பிரிவதைப் பார்த்தும் இருவரும் பிடியைத் தளர்த்தவில்லை.