பூஜையன்று எடுத்த படம்

“ரா ஃபைல் எதுவும் இல்ல சார். எல்லாமே ஜேபெக்தான், அப்பவே உங்களாண்ட குடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தான் குணா. எதிரே கம்ப்யூட்டரில் அந்த ரா ஃபைல்தான் திறந்திருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஆயுத பூஜைக்குப் படம் எடுத்தவன் அவன். போனில் பேசியது அந்தக் கம்பெனி மேனேஜர். கேமராவில் பதிவதை ஒன்றும் குறைக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா என்றால் கார்டு சீக்கிரம் நிரம்பிவிடும் என்று வழக்கமாகச் சுருக்கிய ஜேபெக்கோடு நிறுத்திக்கொள்வான். முதலாளி கற்பூரம் காட்டும் படத்தைப் பெரிய பேனராக அடிக்கவேண்டும் என்று கம்பெனியில் சொன்னதால் அன்றைக்கு இரண்டிலும் எடுத்தான்.

பூஜை முடிந்து மெஷினை ஓட்டிய முதல் நாளே மோசஸ் என்ற தொழிலாளியை பெல்ட் இழுத்துக்கொண்டது. பிழைக்கவில்லை. பெல்ட்டின் இரும்பு மூடி சரியாகத்தான் இருந்தது, அவன்தான் கவனமில்லாமல் கையை விட்டான் என்றது கம்பெனி.

ஜேபெக்கில் முதலாளிக்குப் பின்னால் வெறும் கருப்பு. ராவில் அந்த இருட்டுக்கு வெளிச்சம் ஏற்றியதும், துடைப்பதற்காகவோ என்னவோ ஒருவன் அந்த மூடியைக் கழற்றித் தூக்கிப்போவது தெரிந்தது. முதுகுதான் தெரிந்தது, முகம் இல்லை.

அதைப் பார்த்ததிலிருந்து குணாவுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனிகளைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் ஸ்டுடியோ நடத்த முடியுமா?

வாசலில் பைக் வந்து நின்றது. மோசஸின் மனைவி கிறிஸ்டினா உள்ளே வந்தாள். ஓட்டிவந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தான்.

“யாரும்மா அது? உள்ள வரச்சொல்லு.”

“என் தம்பி, ஜெபா. வரமாட்டான். அவனும் அதே ஷெட்டுலதான் வேல பாக்குறான், மாமா போனதுலேர்ந்து யாராண்டையும் பேசறதில்ல” என்றவள், “பூஜை அன்னிக்கு எடுத்ததுல அவரு படம் இருந்தா ஒண்ணு குடுண்ணா. ஊட்ல மாட்டணும்” என்றாள்.

குணா தேட ஆரம்பித்தான். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“குடிச்சிட்டுப் போய் கைய உட்டாருன்னு பேசிக்கினு இருக்காங்கண்ணா. பசங்க காதுல உழுது. அவரு குடிக்கவே மாட்டாரு.”

குணாவின் கை நின்றது. அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினான்.

“இத பாரும்மா. மூடியக் கழட்டினு போறான் பாரு. கடைசியா எடுத்த படத்துலகூட திரும்ப மாட்டல. மோசஸ் மேல ஒரு தப்பும் இல்ல. இத யாராண்ட வேணா குடு, நான் வந்து சாட்சி சொல்றேன். வர்றது வரட்டும்.”

கிறிஸ்டினா குனிந்து பார்த்தாள். திரையில் இருந்த அந்த முதுகின்மேல் அவள் விரல் மெதுவாக ஊர்ந்தது. பிறகு நிமிர்ந்து, போய்த் திறந்திருந்த கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

“அழிச்சிடுண்ணா.”

“இன்னாம்மா சொல்ற? உன் ஊட்டுக்காரர் பேரக் காப்பாத்த இது ஒண்ணுதான் இருக்குது. யாருக்குப் பயப்படற? கம்பெனிக்கா?”

அவள் தலையாட்டினாள், இல்லை என்று.

“அது என் தம்பிண்ணா.”