முழித்திருந்த ஒரே ரசிகர்

வெளியூரிலிருந்து படமெடுக்க வந்திருந்த ஆவணப்பட இயக்குநருக்கு மனசு ஆறவில்லை. மூடிக் கிடந்த இரும்பாலையின் கேன்டீனில் உள்ளூர் மெட்டல் இசைக்குழு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. பட்டப்பகலில், டிக்கெட் வாங்கி வந்த ஊர் மொத்தமும் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. டிரம்மரைப் பெற்றவளோ வீட்டிலிருந்தே தலையணை கொண்டுவந்திருந்தாள்.

இடைவேளையில் பாடகன் தொங்கிய முகத்தோடு இறங்கி வந்தான்.

இயக்குநர் அவன் தோளைத் தட்டினார். "விடு தம்பி. ரசனை கெட்ட ஊரு. நான் ஒருத்தனாவது முழிச்சிருந்து கேட்டேனே."

"அதான் சார் வருத்தமா இருக்கு. எங்க தப்பு பண்ணினோம்னு தெரியலை."

இயக்குநர் திருதிருவென முழித்தார்.

சத்தம் நின்றதில் டிரம்மரின் அம்மாவுக்கு விழிப்புத் தட்டியது. கொட்டாவி விட்டபடி அவளே விளக்கினாள்.

"பொறந்ததுலேருந்து ஆலைச் சத்தத்துலயே தூங்கிப் பழகின ஊரு தம்பி இது. ஆலையை மூடினாங்க, எங்களுக்குத் தூக்கம் போச்சு. அவ்வளவு அமைதியில எப்படிக் கண்ணை மூடுறது? டாக்டர் குடுத்த மாத்திரையும் கேக்கலை. அப்புறம்தான் வேலை போன எங்க பசங்க கிதாரைத் தூக்கினாங்க. புண்ணியவானுங்க."

"அப்போ இவங்க யாரும் பாட்டு கேக்க வரலையா?"

"பாட்டா?" என்றவள் அவரது சிவந்த கண்களைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். தலையணையை அவர் மடியில் வைத்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பினாள்.

"டேய், இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிங்கடா. பாவம், வெளியூர்ப் பிள்ளை முழிச்சிட்டிருக்கு."