கம்பியில் கரைந்த கரண்டு

"பொறந்த ஊருக்கே வேட்டு வெச்சுட்டியே!"

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அண்ணன் உட்காரக்கூட இல்லை. பஸ்ஸில் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை அது.

மின்கட்டணக் குழுவின் தலைவி எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "உட்காருங்கண்ணா. முதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். மின்நிலையத்துக்குப் பக்கத்துல இருக்கறவனுக்குக் குறைஞ்ச விலை, கம்பியோட கடைசியில கிடக்கற நமக்கு அதிக விலை. இது உன் யோசனையாமே? நம்ம மாவு மில்லுக்கு வர்றவங்க எல்லாம், 'உங்க தங்கச்சி நல்லா நன்றி காட்டிட்டா'ங்கறாங்க. எங்கே போய் முகத்தை வெச்சுக்கறது?"

"என் யோசனைதாண்ணா."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஊரில் முதல் கம்பம் நட்டபோது அவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கரண்டு எந்தப் பக்கமா வருது? எனக்குத் தெரியலையே!" என்று அழுத பொடிசு இவள்தானா?

"வர்ற வழியிலேயே கம்பி சூடாகி எவ்வளவோ கரண்டு வீணாப் போகுதுண்ணா. இத்தனை வருஷமா அந்த நஷ்டத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் சமமாப் பிரிச்சுட்டாங்க. யாருக்கும் உறைக்கலை. யாரும் சரி பண்ணவும் இல்லை."

"அதுக்கு எங்க தலையில கட்டறதா?"

"கம்பிக் கடைசியில வாங்கறவங்களுக்கு விலை அதிகம்னா, அங்கே கரண்டு தயாரிச்சு விக்கிறவங்களுக்கும் அதே விலை கிடைக்கும். அதைப் பார்த்துட்டு நம்ம ஊர்லயே மின்நிலையம் கட்ட ஒரு கம்பெனி வந்திருக்கு. நேத்துதான் கையெழுத்தாச்சு. அது ஓட ஆரம்பிச்சா கரண்டு அவ்வளவு தூரம் வர வேண்டாம். விலையும் தானா இறங்கிடும்."

அண்ணன் பொத்தென்று உட்கார்ந்தார். தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"அதுவரைக்கும் ஊரே உன்னை ஏசுமேம்மா."

"ஏசட்டும்."

"உனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? பேசாம இருந்திருக்கலாமே."

அவள் காலி டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"மில்லு ஓடினா நம்ம வீட்டு பல்பு மங்கிடும். நான் பரீட்சைக்குப் படிக்கிறப்ப சாயங்காலமானா போதும், 'பெல்ட் அறுந்துடுச்சு'ன்னு மில்லை மூடிட்டு வந்துடுவீங்களே..."

"ஆமா, அந்தக் காலத்து பெல்ட்டு..."

"ஒரு தடவைகூட அறுந்ததில்லைன்னு அண்ணி போன வருஷம்தாண்ணா சொன்னாங்க."