வெட்டிய கிளைக்கதை

மேட்னி முடிந்ததும் கம்பம் தியேட்டர் மேனேஜர் சசிதரனைத் தேடி ஒரு பெண் வந்தாள். காமயகவுண்டன்பட்டி சுருளியம்மாள் என்றாள்.

“தம்பி, இந்தப் படத்துல ஹீரோவோட தங்கச்சி கதை ஒண்ணு வருமாமே? காணோமே?”

“அது கிளைக்கதை, அக்கா. படம் ரொம்ப நீளம். வாசல்ல நிக்கிற ஆறு மணி பஸ்ஸ விட்டுட்டா உங்க ஊர்ச் சனம் எப்பிடிப் போகும்? அதான் அந்த ரீல எடுத்துட்டு ஓட்டச் சொன்னேன்” என்றான் சசிதரன் பெருமையாக.

“நாளைக்காச்சும் போடுவீகளா?”

“அந்த அழுகாச்சியப் பாக்க எவன் வரப்போறான்?” அவனுக்கு எரிச்சல் வந்தது. “டிக்கெட் காசுதான வேணும்? கவுண்ட்டர்ல வாங்கிட்டுப் போ.”

“காசு வேணாம் தம்பி.” அவள் முந்தானையைத் திருகினாள். “எங்க ஊருத் திராட்சைத் தோட்டத்துலதான் அத எடுத்தாக. தங்கச்சி மயங்கி விழுகையில தண்ணி குடுக்குறது நாந்தேன். மகளக் கட்டிக் குடுத்த வீட்டுச் சனம் நம்பவே மாட்டேன்னாக. அதான் எல்லாரையும் கூட்டியாந்தேன்.”

சசிதரனுக்கு முகம் செத்துவிட்டது. சட்டென்று எழுந்தான்.

“எங்கக்கா அவுக? கூப்பிடுங்க, இப்பவே அந்த ரீலப் போட்டுக் காட்டுறேன்.”

வாசலில் பஸ் உறுமிக் கிளம்பியது. “ஏலே, சினிமாக்காரிய ஏத்திக்கிட்டீகளா?” என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. பஸ்ஸே சிரித்தது.

சுருளியம்மாள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

“அந்தா போறாக, தம்பி. நேரத்துக்குப் பஸ் கெடச்சிருச்சு.”