பூட்டி வைத்த குரல்

போட்டோவில் இருந்த பெண்ணின் நெற்றியில் யாரோ வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. இசக்கிதுரை அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“எம் பொண்டாட்டி செல்வலட்சுமி. செத்து ஒரு வருசம் ஆவப் போவுது தாயி. அவ பேசுனது இங்க டேப்புல இருக்குன்னு சொன்னாவ. ஒரே ஒரு தடவ கேட்டுட்டுப் போயிருதேன்.”

அம்பிளி நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னாள். மட்டாஞ்சேரியில், சுக்கு வாசனை இன்னும் போகாத ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் மாடியில் இருந்தது அந்தப் பல்கலைக்கழக ஒலிநாடாக் காப்பகம். அங்கே அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஆராய்ச்சி மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் பதிந்துவந்த பேச்செல்லாம் அங்கே இரும்பு அலமாரிகளில் அடைந்து கிடந்தது. செல்வலட்சுமியின் கேசட்டும் இருந்தது, முதுகில் சிவப்புத் தாள் ஒட்டி. சிவப்பு என்றால் லேசில் யாருக்கும் தரமாட்டார்கள்.

இசக்கிதுரை வருவது இது மூன்றாவது முறை. முதல் முறை அம்பிளியே அவனுக்காக மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்தாள். ஆராய்ச்சிக் கைடின் கடிதம் இல்லை என்று திரும்பி வந்தது. எர்ணாகுளத்து ஓட்டலில் பரோட்டா போடுகிறவனுக்கு எந்தப் பேராசிரியர் கைடாக வருவார்? அடுத்த முறை, பேசியவரின் சம்மதம் வேண்டும் என்று திரும்பியது.

அவள் உள்ளே போனாள். காப்பகப் பொறுப்பாளர் திரிபுரசுந்தரி டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“டீச்சரே, அந்த அண்ணாச்சி பின்னயும் வந்திருக்காரு.”

“பேசினவ சம்மதிக்காம அதைத் திறக்க முடியாதுன்னு சொன்னேனே.”

“செத்தவ எப்படி டீச்சர் சம்மதிப்பா?”

“அப்போ மரண சர்டிபிகேட் கொண்டு வரச் சொல்லு.”

கல்லில்கூட நார் உரித்துவிடலாம், இந்த அம்மாளிடம் முடியாது என்று கறுவிக்கொண்டே அம்பிளி வெளியே வந்தாள். சர்டிபிகேட் என்றதும் இசக்கிதுரையின் முகம் சுண்டிப்போயிற்று.

“எரிச்சவனுக்கு அதெல்லாம் வாங்கணும்னு தோணுமா தாயி? முழுசும் வேண்டாம். ஆரம்பம் மட்டும் கேட்டாப் போதும். பேரு, ஊரு, இருக்க வீடுன்னு மொதல்லயே சொல்லிருவாவளாமே?”

சொல்வார்கள்தான். எந்தக் கேசட்டானாலும் பேசுகிறவர் பேரையும் வீட்டையும் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பெண்டாட்டி தன் பேரைச் சொல்லும் சத்தமே போதும் என்கிறானே என்று அம்பிளிக்கு மனசு உருகிவிட்டது.

“சாயா குடிச்சிட்டு வர்றேன்” என்று டீச்சர் கீழே இறங்கினார். சாவிக்கொத்து மேசையிலேயே கிடந்தது.

அம்பிளி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நகராட்சித் துப்புரவு வேலை பார்த்த குடும்பத்தில், நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள்தான். மாட்டினால் சீட்டுக் கிழியும். கிழியட்டும், மனுஷனுக்கு மனுஷன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று சாவியை எடுத்தாள்.

“வேகம் வாங்க அண்ணாச்சி. டீச்சர் வர்றதுக்குள்ள கேட்டுருங்க.”

டேப் ரிகார்டர் கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு மெல்லிய, தயங்கிய பெண்குரல் வந்தது.

“பேரு செல்வலட்சுமி. சொந்த ஊரு சங்கரன்கோயில் பக்கம். இப்ப இருக்கது...”

இசக்கிதுரை காதைப் பெட்டிமேல் ஒட்டாத குறையாகக் குனிந்தான். சட்டென்று குரல் அறுந்தது.

சுவர் ஓரம் டீச்சர் நின்றிருந்தார். பிடுங்கிய பிளக் கையில் இருந்தது.

“வெளிய போங்க” என்றார் இசக்கிதுரையைப் பார்த்து.

“ஒரு நிமிசம்மா, ஒரு வார்த்தைதான்...”

“போங்கன்னேன்!”

அவன் போட்டோவை எடுத்துப் பையில் திணித்தான். நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு, மரப்படிகள் அதிர இறங்கிப் போனான். பாவம், அவன் ஆத்திரம் நியாயம்தானே என்று அம்பிளிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இனி வேலையாவது ஒன்றாவது!

“ஒரு மனுஷன் செத்துப்போன பெண்டாட்டி குரலைக் கேக்கக்கூடாதா டீச்சர்? அதுல என்ன குடி முழுகிப் போகும்? நீங்க கல்யாணம் கழிச்சதில்ல, உங்களுக்கு எங்க மனசிலாகப் போவுது! சட்டமாம் சட்டம். அதைக் கொண்டுபோய்க் காயல்ல போடுங்க!”

டீச்சர் ஜன்னலோரம் போய், அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாடிக் கதவைத் தாழிட்டுவிட்டு டெலிபோனை எடுத்தார். எந்தக் குறிப்பையும் பார்க்காமலே எண்களைச் சுழற்றினார்.

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“செல்வலட்சுமி, கதவைச் சாத்திக்கோம்மா. உன் புருஷன் மறுபடியும் இங்க வந்துட்டான்.”